உன் டியூப்பும் என் போட்டும்

உன் டியூப் போன வெள்ளிக்கிழமை என் கடைக்கு வந்து சேர்ந்தது. உன் மருமகன் ஓட்டோவில் கொண்டுவந்து, ஆணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்து, "மாமி உங்களுக்குக் குடுக்கச் சொன்னவ" என்றான். தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிறது என்று போய்விட்டான்.

காற்று இறக்கி, நாலாக மடித்து, உன் கடைத் துணிக் கரையால் கட்டியிருந்தது. கூடவே, தங்கூசித் தூண்டில் நூல் சுற்றிய உன் சோடாப் போத்தல். கட்டை அவிழ்த்ததும் ரப்பர் மணமும் தையல் மெஷின் எண்ணெய் மணமும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. சேற்று மணம் இருக்கவில்லை. உன் மனைவி கழுவி அனுப்பியிருக்கிறா என்று நினைத்துக்கொண்டேன். புருஷன் போனபின் வீட்டோடு இருக்கிற அவவின் இத்தா முடிந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் மண்டையில் பட்டது. நீ போய் நாலு மாதமும் பத்து நாளும் கடந்துவிட்டன.

அந்த நேரம் எனக்கு முதலில் வந்தது துக்கம் என்று எழுத ஆசைதான். வந்தது பொறாமை. ஒரு லொறி டியூப்பை இவ்வளவு வடிவாக மடிக்க முடியுமா? நான் முப்பது வருடமாகத் தார்ப்பாயும் கயிறும் விற்கிறவன். என் கடையில் ஒரு தார்ப்பாயை விரித்தால் மறுபடி உறைக்குள் போகாது. அதை வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். சோற்றுப் பெட்டியோடு வந்து நின்ற என் மனைவி கேட்டுவிட்டு, "இஞ்சாருங்கோ, மனிசன் மௌத்தாகி இவ்வளவு நாளாச்சு. இன்னும் எரியிறீங்களே?" என்றா.

ஓம், இன்னும் எரிகிறேன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

உன் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு மருந்துக் கடை மட்டும் இருந்தது. நீ கிண்ணியாவில் இருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து ஒன்பது மணிக்குத் தையல் கடையைத் திறப்பாய். அதற்கு ஐந்து நிமிடம் முன்போ பின்போ நான் என் ஹாட்வெயார் கடையைத் திறப்பேன். ஆனால் நீ அந்த ஒன்பது மணிக்குள் ஒரு முழு நாளை வாழ்ந்து முடித்துவிட்டு வந்திருப்பாய். விடியமுன் சுபஹுத் தொழுதுவிட்டு, டியூப்பைச் சைக்கிள் பம்பால் ஊதி, தம்பலகாமக் குடாவின் கண்டல் மரங்களுக்கு நடுவே இறங்கி, இரண்டு கைகளிலும் ரப்பர் செருப்பை மாட்டித் துடுப்பாக வலித்து, கொடுவா மீன் பிடித்துவிட்டு வந்திருப்பாய். நான் படுக்கையைச் சுருட்டிவிட்டு வந்திருப்பேன்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் ஈரச் சாக்கு ஒன்று கட்டியிருந்தால் மீன் பட்டிருக்கிறது என்று அர்த்தம். கதவைத் திறக்கிற சாட்டில் எட்டிப் பார்ப்பேன். சாக்கின் நீளத்தைப் பார்ப்பேன். சில நாள் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் என் கடையில் வேலை செய்கிறவர்கள் காரணம் தெரியாமல் என்னிடம் ஏச்சு வாங்கினார்கள்.

எனக்குப் போட் இருந்தது. அதை நீ எத்தனை தரம் பார்த்திருப்பாய். பதினெட்டடி ஃபைபர் போட், நாற்பது குதிரைவலு எஞ்சின், வெயிலுக்குக் கூரை, சுழலும் கதிரை இரண்டு, மீன் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டும் கருவி ஒன்று. தூண்டில் தடிகள் மட்டும் ஆறு. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்துறைமுகத்தில் அதைத் தண்ணீரில் இறக்கி, பற்றரி பூட்டி, எண்ணெய் ஊற்றி, எஞ்சினை உயிர்ப்பித்து வெளியே வரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும். மீன்களும் படுத்துவிடும்.

வாங்கிய புதிதில் ஒரு ஞாயிறு உன்னை ஏற்றிக்கொண்டு போனேன். உனக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் ஏற்றினேன், வேறு நோக்கம் இல்லை. நீ முன்பக்க அணியத்தில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, "நல்ல போட் மச்சான். தண்ணியை வெட்டிக்கொண்டு போற வடிவைப் பாரு" என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டாய். நீ கொஞ்சம் முகம் சுருங்குவாய் என்று எதிர்பார்த்திருந்தேன். அது நடக்கவில்லை. கொட்டியாரக் குடா முழுக்க ஓடியும் ஒரு கடிகூட இல்லை.

திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலத்துக்குக் கிட்ட, "எஞ்சினைக் கொஞ்சம் நிப்பாட்டு மச்சான்" என்றாய். நிறுத்தினேன். நீ தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு இருந்தாய். கண்டல் பக்கம் கையைக் காட்டி, "கேட்டியா?" என்றாய்.

"என்னத்தை?"

"தொப் எண்டு. அவர்தான்."

கொடுவாவை நீ ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை. அவர்தான். இறாலை வாய்க்குள் உறிஞ்சும்போது அவர் போடுகிற சத்தத்தை வைத்து, எந்த வேருக்கடியில் நிற்கிறார், எவ்வளவு பெரியவர் என்றெல்லாம் சொல்வாய். எனக்கு அன்று எஞ்சின் இரைச்சல்தான் காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தேன். திரையிலும் ஒன்றுமில்லை. நீ சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

நீ எதையும் மறைத்ததும் இல்லை. மற்றவர்கள் மீன் பிடிக்கும் இடத்தைப் பெண்சாதிக்கும் சொல்லமாட்டார்கள். நீ கேட்காமலே சொல்வாய். தண்ணீர் குடாவில் இருந்து வெளியே இழுக்கத் தொடங்குகிற நேரம், வாய்க்காலின் வாயில், உயிர் இறாலை வாலுக்குக் கிட்டக் கொளுவி, கையால் நூலைப் பிடித்துக்கொண்டு சும்மா மிதக்க வேண்டும். அவ்வளவுதான். "ஆனா எஞ்சினைப் பாலத்தடியில நிப்பாட்டிப் போட்டு வா. அவருக்கு அந்தச் சத்தம் பிடிக்காது." என் போட் அந்த வாய்க்காலுக்குள் நுழையவும் நுழையாது. இடுப்பளவு தண்ணீரில் எஞ்சினின் விசிறி சேற்றில் மாட்டும். அத்தனை சாமானும் இருந்தும், மீன் இருக்கிற இடத்துக்குப் போக ஏலாத போட் என்னுடையது.

ஒருநாள் ஆசையை அடக்க ஏலாமல் உன் டியூப்பைத் தரச் சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா? டியூப்பின் நடு ஓட்டையில் கன்வஸ் துணியில் ஓர் இருக்கை தைத்திருந்தாய், கால் இரண்டும் தண்ணீருக்குள் தொங்க இரண்டு துளை வைத்து. வலப் பக்கத்தில் நூல் போத்தலைச் செருக ஒரு பை. கரையில் வைத்து நான் அதற்குள் இறங்கினேன். இடுப்பு வரை போனேன், பிறகு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. டியூப்போடு எழும்பி நின்றேன். நீ சேற்றில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"இது முப்பது இடுப்புக்குத் தைச்சது மச்சான். உன்ட நாப்பத்திநாலு."

"கழட்டடா!"

"பொறு, பொறு. இப்பிடியே கடைக்கு வந்து நில்லு, விளம்பரமா இருக்கும்."

கடைசியில் தையலை அவிழ்த்துத்தான் என்னை வெளியே எடுத்தாய். முதலை இருக்கும் தண்ணீரில் இப்படிக் காலைத் தொங்கவிட உனக்குப் பயமில்லையா என்று கேட்டேன், கொஞ்சம் ரோசத்தோடு. "என்னைக் கடிச்சா அதுக்கு எலும்புதான் கிடைக்கும். உன்னைக் கண்டாத்தான் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வரும்" என்றாய். அடுத்த நாள் காலை உன் டியூப் மறுபடி தைக்கப்பட்டு, நீ மறுபடி மிதந்து, சாக்கோடு வந்து கடையைத் திறந்தாய்.

எதில்தான் நான் பொறாமைப்படவில்லை? தூண்டில் முள் வாங்க என் கடைக்கு வருவாய். நூறு முள் உள்ள பெட்டியைக் கவிழ்த்து, ஊசி பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பெருவிரல் நகத்தில் உரசிப் பார்த்து, நாலே நாலு எடுப்பாய். நானும் பிறகு அதே பெட்டியில் இருந்து உரசி உரசி எடுத்துப் பார்த்திருக்கிறேன். நகம் கீறிக்கொண்டதுதான் மிச்சம். பிடித்த மீனை நீ ஒருநாளும் விற்கவில்லை. தேநீர்க் கடைக்குத் தலை, மருந்துக் கடைக்கு நடுத்துண்டு, எனக்கு வாற்பக்கத்தில் பெரிய துண்டு. என் மனைவி அதைத் தேங்காய்ப் பால் விட்டுச் சொதி வைப்பா. "இந்த மீனுக்கே ஒரு தனி ருசி" என்று மூன்று தரம் சொல்வா. நான் வயிறெரிந்துகொண்டே இரண்டு கோப்பை சோறு தின்பேன்.

இதெல்லாம்கூடப் பெரிய விஷயமில்லை. மீன் படாத நாளில் உன்னைப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாக்கு இல்லாமல் வருகிறாயே என்று ஆவலாக ஓடி வந்து கேட்பேன்.

"என்ன, இண்டைக்கு ஒண்டும் படேல்லையோ?"

"இல்லை மச்சான். நல்லா இருந்திச்சு."

பொய் சொல்கிறாயா என்று முகத்தைப் பார்ப்பேன். பொய் இல்லை. மீன் இல்லாத நாளும் உனக்கு நல்ல நாள்தான். நான் ஒரு ஞாயிறுகூட அந்த வார்த்தையை வாயால் சொன்னதில்லை. மீன் பட்ட ஞாயிறுகளிலும் சொன்னதில்லை, இன்னும் பெரிதாகப் பட்டிருக்கலாம் என்றுதான் இருந்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். நீ உயிரோடு இருக்கும்வரை அதைப் பற்றி உன்னோடு கதைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாரி பெய்து ஓய்ந்திருந்த கிழமை. வயல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து குடா முழுவதும் தேயிலைச் சாயம்போல நிறம் மாறியிருந்தது. கொடுவாவுக்கு இதைவிட நல்ல தண்ணீர் வராது என்று முதல்நாளே சொல்லியிருந்தாய். நான் வழக்கத்துக்கு மாறாக விடியவே போட்டை இறக்கி, உன் வாய்க்காலுக்கு வெளியே, ஆழமான இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஆறு தடியையும் நீட்டி வைத்திருந்தேன். ஒன்றும் அசையவில்லை.

அப்போது நீ வாய்க்காலுக்குள் இருந்து வெளியே வந்தாய். செருப்பால் வலித்து வரவில்லை. இழுபட்டு வந்தாய். டியூப்போடு உன்னை ஒரு மீன் இழுத்துக்கொண்டு வந்தது. நீ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, இரண்டு கையாலும் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு, ஊஞ்சலில் இருக்கிறவன்போல வந்தாய். பிறகு அவர் பாய்ந்தார். தண்ணீருக்கு மேலே முழு உடம்பும் எழும்பி, தலையை உதறி, பக்கவாட்டில் விழுந்தார். என் கடைக் கதவுப் பலகையளவு இருந்தார். நான் மிகைப்படுத்துவதாக நீ சொல்வாய். அந்த மீனை உன்னைவிட நான்தான் தெளிவாகப் பார்த்தேன்.

நீ என்னைக் கண்டாய். கத்தினாய்: "மச்சான், எஞ்சினைப் போடாதே! அப்பிடியே நில்லு!"

நான் எஞ்சினைப் போட்டேன்.

அவன் பாலத்தடி நீரோட்ட இழுவைக்குள் போகப் போகிறான், போய்க் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் அதை நம்பவும் செய்தேன். ஆனால் உனக்கும் மீனுக்கும் நடுவே நூல் சரிந்து போவது எனக்குத் தெரிந்தது. காலை வெயிலில் அது மினுங்கியது. இடப்பக்கம் திருப்பியிருந்தால் மீனைச் சுற்றி உன் பின்பக்கமாக வந்திருக்கலாம். ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது. நான் திருப்பவில்லை, போட் நூலுக்கு மேலால் போனது. வேண்டுமென்று செய்தேனா? இரண்டு வருடமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திருப்ப நேரம் இருந்தது என்பதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. உன் டியூப் நின்றது. அவ்வளவுதான். இழுபட்டு வந்த டியூப் நடுத்தண்ணீரில் அப்படியே நின்றது.

நீ நூலைச் சுருட்டினாய். இரண்டு கையையும் விரித்து ஒரு பாகம், மறுபடி விரித்து இன்னொரு பாகம் என்று சுருட்டுவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு பாகம்தான் வந்தது. நீ போட்டிருந்தது இருபது பாகம். நூலின் நுனியை எடுத்து, ஊசியில் கோர்க்கப் போகிறவன்போல உதட்டில் ஈரம் பண்ணி, விரலிடையில் வைத்து உருட்டிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"போயிட்டார்" என்றாய்.

நான், "இழுவைக்குள்ள போயிடுவாய் எண்டு பயந்திட்டன்" என்றேன். நீ போத்தலைப் பைக்குள் செருகினாய். செருப்புகளைக் கையில் மாட்டிக்கொண்டு கரைக்குப் போனாய்.

அடுத்த நாள் தேநீர்க் கடையில் எல்லாரும் அந்த மீனைப் பற்றித்தான் கேட்டார்கள். கரையில் நின்று யாரோ பார்த்திருக்கிறார்கள். நான் என் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சீனியைக் கலக்கிக்கொண்டே, "செவிள் வெட்டிப் போட்டுது" என்றாய். எல்லாரும் தலையாட்டினார்கள். கொடுவாவின் செவிள் மூடி கத்திபோல இருக்கும், எத்தனையோ பேரின் நூலை அது வெட்டியிருக்கிறது. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளங்கியிருக்கும். செவிள் வெட்டினால் முள்ளுக்குக் கிட்ட ஒரு சாண்தான் போகும். பதினாறு பாகம் போகாது.

நீ அதை நம்பித்தான் சொன்னாயா, எனக்காகச் சொன்னாயா என்று எனக்கு விளங்கவில்லை. நம்புகிறாய் என்றே எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. ஒரு தையற்காரனுக்கு அறுந்த நூலுக்கும் வெட்டுப்பட்ட நூலுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்குமா என்ற கேள்வியை நான் கிட்ட வரவிடவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினாய். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை, என் கடை வாசலில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்பாய்.

"எப்ப மச்சான் போட்டை விக்கப் போறாய்?"

"ஏன்டா, உனக்கு வேணுமோ?"

"விக்கிறதா இருந்தா எனக்குத்தான் முதல் சொல்ல வேணும். சரியா?"

அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு இனித்தது என்று உனக்குத் தெரியாது. கடைசியில் இவனுக்கும் ஆசை வந்துவிட்டது. அந்தப் பெரிய மீன் போனதும், டியூப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய ஏலாது என்று விளங்கிவிட்டது. மனைவியிடம் போய்ச் சொன்னேன், "அவனுக்கு என்ர போட்டில கண் விழுந்திட்டுது." அவ நம்பவில்லை. "அந்த மனிசனுக்கோ? போட்டோ?" என்று அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டா. நான் விடவில்லை. உண்மையில் அந்த நாட்களில் எனக்குப் போட் அலுத்துப் போயிருந்தது, விற்கலாம் என்றும் இருந்தேன். உன் கேள்விக்காகவே விற்கவில்லை. நீ கேட்கக் கேட்க அதற்குப் புது நிறம் அடித்தேன், கதிரைகளுக்குப் புது உறை போட்டேன். உன்னிடமே தைக்கக் கொடுத்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லாமல் தைத்துத் தந்தாய்.

"பாப்பம், பாப்பம்" என்று இரண்டு வருடம் உனக்கு மறுமொழி சொன்னேன்.

பிறகு ஒரு பின்னேரம் மருந்துக் கடைக்காரர் ஓடி வந்தார். நீ மெஷினில் தலை சாய்த்திருந்தாய். கால் பெடலில் இருந்தது. அன்று காலையும் ஒன்பது மணிக்கு, சாக்கு இல்லாமல், "நல்லா இருந்திச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் கடையைத் திறந்தாய்.

உன் ஜனாஸா அடக்கத்துக்குக் கிண்ணியா வந்தேன். அவ்வளவு சனம் வரும் என்று நினைக்கவில்லை. பள்ளிவாசலுக்கு வெளியே மதிலோரம் நின்றேன். முன்னால் நின்றவர்களின் முதுகுகளைப் பார்த்தால், அரைவாசிப் பேர் நீ தைத்த சட்டையோடு நின்றார்கள். தோள் எல்லாருக்கும் அளவாக இருந்தது. எனக்கு இவ்வளவு சனம் வருமா என்று கணக்குப் பார்த்தேன். அந்த இடத்திலும் அதுதான் வந்தது, என்ன செய்ய? அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தன. சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே உன்னை அனுப்பிவிட்டேன் என்பது, திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில்தான் முழுதாக உறைத்தது. உனக்குத் தெரிந்திருந்ததா, தெரியாதா? இனி யாரிடம் கேட்பது?

வெள்ளிக்கிழமை உன் டியூப் வந்த கதைக்குத் திரும்புகிறேன். சனி பின்னேரம் கடையை மூடிவிட்டு, அந்தச் சோடாப் போத்தலை எடுத்து நூலை அவிழ்த்துப் பார்த்தேன். நூலின் அடிநுனி போத்தலின் கழுத்தில் கட்டியிருந்தது. அங்கிருந்து கையை விரித்து ஒரு பாகம், இரண்டு, மூன்று என்று எண்ணி வந்தேன். நாலாவது பாகத்தில் விரலில் ஏதோ தட்டியது. முடிச்சு. மிகச் சின்ன முடிச்சு, நீ போடுகிற முடிச்சு. அதற்கு அங்கால் புது நூல்.

பழைய நூலை நீ எறியவில்லை. மிச்சமிருந்த நாலு பாகத்தோடு பதினாறு பாகம் புது நூலை முடிந்திருக்கிறாய். பெரிய மீன் ஓடுகிற ஒவ்வொரு முறையும் இந்த முடிச்சு உன் விரலைத் தட்டிக்கொண்டு போயிருக்கும். செவிள் வெட்டியது என்று நம்பியவனின் நூலில் நாலாம் பாகத்தில் முடிச்சு இருக்காது. தெரிந்திருக்கிறது. கடைக்குள் தனியே இருந்து கொஞ்ச நேரம் அந்த முடிச்சை உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை போட்டுக்குப் போகவில்லை. டியூப்பை என் வான் வண்டியில் போட்டுக்கொண்டு உன் வாய்க்காலுக்கு வந்தேன். சைக்கிள் பம்பால் ஊத எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. உனக்குப் பத்து நிமிடம். இதிலும் பொறாமைதான். முட்டுக்கால் தண்ணீரில் வைத்து, மாட்டிக்கொள்ளத் தயாராக, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். என்னை வெளியே எடுக்க இந்த முறை நீ இல்லை என்ற பயமும் இருந்தது.

மாட்டவில்லை. இருக்கை என்னை அப்படியே வாங்கிக்கொண்டது. இடுப்பில் ஒரு விரல் இடைவெளி. என் முதுகு வலிக்கிற அந்த இடத்துக்கு நேரே துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்திருந்தது. நூல் போத்தலைச் செருக வலப்பக்கம் தேடினேன். பை அங்கே இல்லை. இடப்பக்கத்தில் இருந்தது. நான் இடக்கைக்காரன். என் காற்சட்டைகளுக்கு எப்போதும் நீ பின்பையை இடப்பக்கம்தான் வைப்பாய்.

அப்படியே மிதந்துகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீர் வெளியே இழுக்கத் தொடங்கியது. கண்டல் வேர்களுக்குள் நண்டு நடக்கிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு, எனக்கு இடப்பக்கமாக, மூன்றாவது மரத்தடியில், 'தொப்' என்று கேட்டது. என்ன சத்தம் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. என் இறாலை அவர் தொடவில்லை. அது வேறு கதை.

கரைக்கு வந்து, ஈரக் கையோடு உன் மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"தங்கச்சி, அவர்ட டியூப்பை எனக்கு அனுப்பியிருக்கிறீங்கள்..."

"அது அவர்ட இல்லை அண்ணன். அவர்ட டியூப்பை மருமகன் கொண்டு போறவர். இது உங்களுக்கு எண்டு தச்சது. போத்தல் மட்டுந்தான் அவர்ட. அதை நான்தான் வச்சு விட்டன்."

"எப்ப தச்சவர்?"

"ரெண்டு வருசம் இருக்கும். அந்தப் பெரிய மீன் போச்சே, அண்டைக்குப் பின்னேரமே வந்து துணியை விரிச்சவர். சரியான கோபம். சாப்பிடவும் இல்லை. கத்தரிக்கோலைப் பிடிச்ச பிடியைப் பாத்து நான் கிட்டவும் போகேல்லை. 'இவன் எஞ்சினோட வாற வரைக்கும் எனக்கும் மீன் இல்லை, இவனுக்கும் இல்லை. இவனைப் போட்டில இருந்து இறக்கினாத்தான் சரி' எண்டவர்."

"அப்ப ஏன் தரேல்லை?"

"நீங்க போட்டை விக்கிற அண்டைக்குக் குடுக்க வேணும் எண்டு வச்சிருந்தவர் அண்ணன். உங்களுட்டக் கேட்டுக் கேட்டுத்தானே இருந்தவர்? அலுமாரிக்கு மேல கிடந்திச்சு. ரப்பர் ஒட்டாம இருக்க இடைக்கிடை எடுத்து பவுடர் போட்டு வைப்பார்."

போனை வைத்துவிட்டு, டியூப்பின் காற்றை இறக்கத் தொடங்கினேன்.

என் போட்டில் உனக்குக் கண் விழவே இல்லை. ஒருநாள்கூட. எங்கள் இரண்டு பேரில் பொறாமைப்பட்டது நான் ஒருவன் மட்டும்தான், முழுதாக, முப்பது வருடமும். இரண்டு வருடம் நீ வாசலில் கால் வைத்துக் கேட்டதெல்லாம் எனக்குத் தருவதற்காக. நான் அதை ஆசை என்று எண்ணி, நிறம் அடித்து, உறை மாற்றி, உன்னைக் காத்திருக்க வைத்தேன். 'விற்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீ அந்த நேரமே வீட்டுக்கு ஓடிப்போய் அலுமாரிக்கு மேலிருந்து இதை இறக்கியிருப்பாய். ஒரே வாய்க்காலில் இரண்டு டியூப் மிதந்திருக்கும். நான் மாட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நீ பெருமைப்பட்டிருப்பாய். அந்த ஞாயிற்றுக்கிழமைகளையும் நான்தான் வெட்டினேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன். கேட்கிறேன். ஆனால் எழுதி முடிக்கிற இந்த நேரத்திலும் பழைய எரிச்சல் போகவில்லை, அதை உன்னிடம் மறைத்து என்ன பயன்? போட் இன்னும் துறைமுகத்தில் கட்டியிருக்கிறது. டியூப் என் வானுக்குள் இருக்கிறது, கால்வாசிக் காற்றோடு. போத்தல் இடப்பக்கப் பையில். நூலை விடும்போதெல்லாம் அந்த முடிச்சு வந்து என் விரலைத் தட்டுகிறது.

உன் வாழ்நாளில் பட்ட மிகப் பெரிய மீனை நான் அறுத்துவிட்ட அன்று பின்னேரம், சாப்பிடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டு அளவுகூட எடுக்காமல், நீ எனக்குத் துணி வெட்டியிருக்கிறாய். அவ்வளவு கோபத்திலும் அளவு ஓர் இழை பிசகவில்லை. அதுதான் மச்சான் எனக்கு இன்னும் எரிகிறது.